கோண்டாவில் வாடகை வீடு: கைக்குழந்தையோடயும் வயசு போன அம்மாவோடயும் நிண்டு பாத்துச் சொல்லுறன்

முதல்லயே சொல்லிப்போடுறன், யாழ்ப்பாணத்தில குடும்பமா நிக்க வீடு தேடுற ஆக்களுக்கு இந்த வீட்டை நம்பிச் சொல்லுவன். படத்தில பாக்க அவ்வளவு எடுப்பா இருக்காது, பலாலி ரோட்டில இருந்து கொஞ்சம் உள்ளுக்கு, பழைய ஓட்டு வீடு, மூண்டு அறை, முன்னுக்கு நீட்டு விறாந்தை, பின்வளவில கிணறு, ஒரு அறைக்கு மட்டும்தான் ஏசி. ஆனா வாற சனத்துக்கு என்ன உதவும் எண்டு இருந்து யோசிச்சு ஒவ்வொண்டா வாங்கி வைச்ச வீடு. நல்லூர்க் கந்தசாமி கோயில் திருவிழாவுக்கெண்டு அம்மா, இவர், நான், பிள்ளையள், கனடாவில இருந்து வந்த தம்பியும் மனிசியும் அவேன்ர கைக்குழந்தையும் எல்லாரும் ஒண்டாத்தான் நிண்டனாங்கள். முழங்கால் ஏலாத ஆளும் இருக்கு, புட்டிப்பால் குடிக்கிற பிள்ளையும் இருக்கு, விரதமும் இருக்கு, வெளிநாட்டுச் சாமானும் இருக்கு, அதால ஒரு வாடகை வீட்டில என்ன இருக்கோணும் என்ன இல்லாட்டியும் பறவாயில்லை எண்டு நல்லா விளங்கிட்டுது.

வந்து இறங்கின நேரத்தில இருந்து சொல்லுறன், ஏனெண்டா எனக்குப் பிடிச்ச முதல் விசயம் அதுதான். கொழும்பில இருந்து ராத்திரி பஸ்ஸில வெளிக்கிட்டா நானூறு கிலோமீற்றர் ஓடி விடிய அஞ்சு அஞ்சரைக்கெல்லாம் கொண்டு வந்து இறக்கி விட்டிடுவினம், மெயில் ரெயினில வந்தாலும் விடியக்காலமைதான். அந்த நேரத்தில ஒரு ஆளுக்கு வேண்டியது பாத்ரூம், முகம் கழுவ இடம், பாய்க் வைக்க இடம், ஒரு பிளேன்ரீ. ஆனா செக்கின் ரெண்டு மணிக்கு எண்டுதான் எல்லா இடமும் போட்டிருக்கினம். முந்தி ஒருக்கா டவுனுக்குள்ள புதுசாக் கட்டின ஒரு இடம், பேர் வேண்டாம், நல்ல விலை குடுத்து எடுத்திட்டு விடிய வந்து நிண்டா, ரூமில ஆக்கள் இருக்கினம் ரெண்டு மணிக்கு வாங்கோ எண்டிட்டினம், அம்மா கேற்றுக்கு முன்னால சூட்கேசுக்கு மேல இருந்தவ, இப்பவும் நினைக்க எனக்குக் கவலையாத்தான் இருக்கு. உள்ளுக்கு அம்பத்தஞ்சு இஞ்சி ரீவியும் சுவர் முழுக்க லைற்றும் இருந்து என்ன பிரயோசனம்.

இந்த வீட்டுக்காரி, நாங்கள் அன்ரி எண்டு கூப்பிடுறவ, செய்து வைச்சிருக்கிறது இதுதான்: கிணத்தடிப் பக்கம் இருந்த பழைய வெளி பாத்ரூமைத் திருத்தி, கொமட் வைச்சு, லைற் போட்டு, வெளியில இருந்தே போற மாதிரி விட்டிருக்கிறா. விறாந்தையில ரெண்டு சாய்மனைக் கதிரை, ஒரு வாங்கு, பூட்டுப் போட ஏலுமான ஒரு பெரிய அலுமாரி. உள்ளுக்கு முந்தின ஆக்கள் நித்திரையா இருந்தாலும் நீங்கள் படலையத் திறந்து வந்து, குளிச்சு, உடுப்பு மாத்தி, பாய்க்கைப் பூட்டி வைச்சிட்டு நேர நல்லூருக்குப் போகலாம். நாங்கள் வந்த அண்டைக்கு ஃபிளாஸ்க்கில தேத்தண்ணியும் ஒரு தட்டில பனங்கட்டியும் வைச்சிருந்தவ. வீடு வாடகைக்குக் குடுக்க நினைக்கிற ஆக்கள் இதை வாசிச்சா தயவு செய்து முதல் இதைச் செய்யுங்கோ. ரெண்டாம் ஏசிக்குப் போற காசில பாதி கூட முடியாது.

அடுத்தது தண்ணி. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும், ஏனெண்டா யாழ்ப்பாணத்தில மற்ற எல்லாம் இதுக்குப் பிறகுதான். குடாநாட்டில வருசம் முழுக்க ஓடுற ஆறெண்டு ஒண்டுமில்லை, காலங்காலமா கிணத்தை நம்பித்தான் இருக்கிறம், அந்தத் தண்ணி சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால வாற தண்ணி. கேத்திலுக்குள்ள வெள்ளையாப் படியும், ஷவர் ஓட்டையள் அடைக்கும், சவர்க்காரம் நுரைக்காது, தலைமுடி கயிறு மாதிரி வரும். இங்க வளந்த எங்களுக்கு அது பழக்கம், ஆனா வெளியால வந்த ஆக்கள் தண்ணியப் பாத்து ஊத்தை எண்டு நினைச்சுப் பயப்பிடுவினம், தம்பின்ர மனிசியும் முதல் நாள் அப்பிடித்தான் கேத்திலைக் கொண்டு வந்து காட்டினவ. அன்ரி கேத்திலுக்குப் பக்கத்தில ஒரு சின்னக் காட் எழுதி வைச்சிருக்கிறா, இது சுண்ணாம்புப் படிவு, தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்க வைச்சா போயிடும் எண்டு. அவ்வளவுதான், அதோட பயம் போட்டுது.

ஆனா குடிக்கிற தண்ணி வேற கதை. கோண்டாவிலும் சேந்த இந்த வலிகாமம் பக்கம் தோட்டம் கூடின இடம், உரமும் மலக்குழியும் சேந்து கிணத்துத் தண்ணியில நைத்திரேற்று கூடுற பிரச்சினை கனகாலமா எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம், சுன்னாகம் பக்கம் கிணறுகளில எண்ணெய் கலந்த பிரச்சினையும் 2014, 2015 இல எவ்வளவு பெரிசா வெடிச்சது எண்டு இங்க இருந்த ஆக்களுக்குத் தெரியும். கனபேர் நினைக்கினம் கொதிக்க வைச்சா எல்லாம் சரி எண்டு. கிருமி சாகும் சரி, நைத்திரேற்று கொதிக்க வைச்சாப் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடத்தான் செய்யும். பெரிய ஆக்களுக்கு அவ்வளவு பயமில்லை, ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைப்பிள்ளைக்கு அந்தத் தண்ணியில பால்மா கரைச்சுக் குடுக்கிறது சரியான ஆபத்து, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு போறதையே அது குழப்பும். தம்பின்ர பிள்ளைக்கு அப்ப நாலு மாசம். நான் வர முதலே இதைத்தான் அன்ரியிட்ட கேட்டனான், அவ உடன சொன்னவ, பிள்ளை, குசினியில நைத்திரேற்றையும் குறைக்கிற ஆர்ஓ ஃபில்டர் இருக்கு, அதுக்கு மேலால 19 லீற்றர் போத்தல் ரெண்டும் எடுத்து வைக்கிறன், குழந்தைக்கு அதைப் பாவியுங்கோ எண்டு. ஃபில்டருக்கு மேல கடைசியா எப்ப உள்ளுக்கு இருக்கிற காட்ரிட்ஜ் மாத்தினது எண்டு திகதி ஒட்டியிருக்கு. எனக்கு அந்தத் திகதி ஒட்டினதில வந்த நம்பிக்கை வேற எதிலயும் வரேல்ல. சும்மா ஃபில்டர் வாங்கிப் பூட்டிப்போட்டு மூண்டு வருசம் திரும்பிப் பாக்காத இடங்களும் கனக்க இருக்கு. தாளையடியில கடல்தண்ணியை நன்னீராக்கிற நிலையம் 2024 இல திறந்ததுதான், குழாய்த்தண்ணி வந்த வீடுகளும் இப்ப இருக்கு, ஆனா கிணத்தை நம்பியிருக்கிற வீட்டை வாடகைக்குக் குடுக்கிறவை குடிதண்ணிக்கு ஒரு வழி செய்து, அதை லிஸ்டிங்கிலயே தெளிவா எழுதிப் போடோணும். குழந்தை உள்ள தாய்மார் முதல் தேடுறது அதைத்தான்.

குசினி. இதில அன்ரிக்கு முழுப் புள்ளி. ஏனெண்டா கன இடங்களில குசினி எண்டு படத்தில காட்டுவினம், போய்ப் பாத்தா ஒரு மைக்ரோவேவ், ரோஸ்ரர், நாலு கண்ணாடிக் கோப்பை, ஒரு நொன்ஸ்ரிக் சட்டி, கத்தி வெட்டாது. யாழ்ப்பாணத்துக்கு வாற எங்கட சனம் ரோஸ்ரரை வைச்சு என்ன செய்யிறது. இங்க நீத்துப்பெட்டி இருக்கு, புட்டு அவிக்கிற பானை இருக்கு, இடியப்ப உரல், பனையோலைத் தட்டு இல்லாட்டியும் பிளாஸ்ரிக் தட்டுகள் ஒரு அடுக்கு, துருவலை, சுளகு, அரிதட்டு, மண்சட்டி ரெண்டு, பெரிய ரைஸ் குக்கர், பிளெண்டர். கேஸ் குக்கர் ரெண்டு அடுப்பு, பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டர், அதோட ஒரு சின்னச் சிலிண்டர் ஸ்பெயாரா. 2022 இல கேசுக்கு லைனில நிண்ட ஆக்களுக்கு அந்த ஸ்பெயார் சிலிண்டரின்ர அருமை தெரியும், ராத்திரி புட்டு அவியுற நேரத்தில கேஸ் முடிஞ்சா ஆரிட்டப் போறது. தம்பின்ர மனிசி கனடாவில பிறந்து வளந்தவ, நீத்துப்பெட்டியில புட்டு அவிக்கிறதை முதல் முதலா இங்கதான் அம்மாவோட நிண்டு பழகினவ. ஒரு நீத்துப்பெட்டி என்ன விலை சொல்லுங்கோ, சந்தையில சின்னக் காசு.

அதை விட முக்கியம், மரக்கறிச் சட்டிகளை வேறயா வைச்சிருக்கிறா. நல்லூர்க் கொடியேறினா இருபத்தஞ்சு நாளும் மச்சம் இல்லாத வீடுகள் எங்கட பக்கம் எவ்வளவு, ஆனா அதே வீட்டில மற்ற மாசங்களில நண்டும் கணவாயும் காய்ச்சித்தானே இருப்பினம். அம்மா போற இடமெல்லாம் சட்டி பற்றித்தான் முதல் கேப்பா, வேற இடங்களில தண்ணி குடிக்கவே யோசிப்பா. இங்க ஒரு தட்டு முழுக்க எவர்சில்வர் சட்டிகள், அகப்பையள், கத்தி, பலகை எல்லாத்துக்கும் பச்சைப் பெயின்ற் ஒரு பொட்டு, அது மரக்கறிக்கு மட்டும். திருவிழாக் காலத்தில வீட்டுக்குள்ள மச்சம் சமைக்கிறேல்ல எண்டு புக் பண்ணேக்கையே சொல்லிப்போடுறா, அதுவும் நல்லது, வந்த பிறகு சண்டையில்லை. உப்பு, சீனி, தேயிலை, பால்மா, நல்லெண்ணெய், அவேன்ர வீட்டில வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள் ஒரு சின்னப் போத்தல், அரிசிமா ஒரு கிலோ, இவ்வளவும் வந்தவுடன இருந்தது. அந்த மிளகாய்த்தூளுக்கே தனியா ஒரு ரிவியூ எழுதலாம், தம்பி கேட்டு வாங்கிக் கொண்டு போட்டான். சமைக்க ஏலாத நாளுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒரு அக்கா இடியப்பமும் சொதியும் சம்பலும் செய்து குடுப்பா, முதல் நாள் பின்னேரம் சொன்னாச் சரி, ஃபோன் நம்பர் பிரிட்ஜில ஒட்டியிருக்கு.

இனி நான் சொல்லப் போறது ஒரு ஹோஸ்ட்டுக்கும் தோன்றாத விசயம், அன்ரிக்குத் தோன்றியிருக்கு. வெளிநாட்டில இருந்து ஒரு குடும்பம் யாழ்ப்பாணம் வந்து நிக்குதெண்டா அந்தக் குடும்பம் மட்டுமா அந்த வீட்டில இருக்கப் போகுது? மாமி வருவா, சித்தப்பா வருவார், பழைய ரீச்சர் வருவா, பக்கத்து வீட்டில முந்தி இருந்த ஆக்கள் வருவினம், பின்னேரம் நாலு மணியில இருந்து படலை சாத்துறதே இல்லை. எட்டுப் பேருக்கு வீடு எண்டு எட்டுக் கப், எட்டுக் கதிரை வைச்சா அது எட்டுப் பேருக்குக் காணாது. அன்ரி பிளாஸ்ரிக் கதிரை ஒரு அடுக்கு விறாந்தை மூலையில வைச்சிருக்கிறா, தேத்தண்ணிக் கப் ரெண்டு டசினுக்கு மேல, பெரிய தட்டம், பெரிய கேத்தில். இரவு தங்கிற ஆக்களுக்கெண்டு பாய், தலையணி, தோய்ச்சு மடிச்ச பெட்ஷீட் அலுமாரியில. எங்கட மாமி ஒருத்தி கொடிகாமத்தில இருந்து வந்து பஸ் விட்டிட்டு நிண்டவ, அம்மாவும் அவவும் விறாந்தையில பாய் போட்டுப் படுத்து விடிய விடியக் கதைச்சவை. சில இடங்களில வெளி ஆக்கள் உள்ளுக்கு வரக்கூடாது, வந்தா ஒரு தலைக்கு இவ்வளவு எண்டு எழுதி ஒட்டியிருப்பினம். கூட ஆள் தங்கினா கொஞ்சம் காசு கேக்கட்டும், நியாயம்தான், ஆனா தேத்தண்ணி குடிக்க வாற மாமியக் கூட எண்ணிக்கொண்டிருந்தா எங்கட சனத்துக்கு அந்த வீடு சரிவராது.

கரண்ட் விசயம். தம்பி ஆக்கள் கொண்டு வந்த முடி நேராக்கிற மெசினை முதல் முறை வந்தநேரம் வேற இடத்தில பிளக்கில போட்டு அது புகைஞ்சு போனது, ஏனெண்டா கனடாவில 120 வோல்ற், எங்களுக்கு 230 வோல்ற். ஃபோன், லாப்ரொப் சாஜர் எல்லாம் 100 இல இருந்து 240 வரைக்கும் தாங்கும், அதால அடாப்டர் இருந்தாக் காணும், ஆனா சூடாக்கிற சாமான்கள் கனக்க அப்பிடித் தாங்காது, அடாப்டர் வோல்றைக் குறைக்காது. இந்த வீட்டில ஒவ்வொரு அறையிலயும் 13 அம்பியர் சதுரக்கால் பிளக் போட்டு, கனடா அமெரிக்கா தட்டைக்காலுக்கு அடாப்டர், ஐரோப்பா உருண்டைக்காலுக்கு அடாப்டர் ஒரு பெட்டியில போட்டு வைச்சிருக்கு, லண்டன் ஆக்களுக்கு அடாப்டரே தேவையில்லை. 230 வோல்ற்றில வேலை செய்யிற ஹெயர் ட்ரையர் ஒண்டும் வைச்சு, உங்கட மெசினில 110-120 எண்டு மட்டும் இருந்தா போட வேண்டாம் எண்டு எழுதியிருக்கிறா. இப்பிடி ஒரு வரி எழுதி ஒட்ட என்ன செலவு.

கரண்ட் போனா? 2022 இல ஒரு நாளைக்குப் பதின்மூண்டு மணித்தியாலம் வரைக்கும் வெட்டின காலம் போட்டுது, ஆனாலும் 2025 மாசியில நாடு முழுக்க ஒரே அடியா நிண்டதுதானே. இங்க சாஜ் பண்ணுற ஃபான் ரெண்டு இருக்கு, சாஜ் லைற் இருக்கு, வைஃபை ரவுட்டருக்கு சின்ன யூபிஎஸ் இருக்கு. கரண்ட் போனா முழு வீட்டுக்கும் பற்றரியில கரண்ட் குடுக்கிற இன்வேட்டர் இல்ல. நாங்கள் நிண்டநேரம் ஒருநாள் இரவு கொஞ்ச நேரம் கரண்ட் நிண்டது, குழந்தைக்கு சாஜ் ஃபானைப் போட்டம், அது முழிக்கவே இல்ல. வைஃபை பற்றிச் சொல்லோணும், முன்னறையில நல்லா வருது, பின்னறையில ஒண்டுமே இல்ல, பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர் அவ்வளவு தடிப்பு. ஆரும் இங்க இருந்து வேலை செய்யிறதெண்டா முன்னறையத்தான் எடுக்கோணும். அன்ரியிட்ட சொன்னனான், பின்பக்கத்துக்கு ஒரு எக்ஸ்ரெண்டர் போடுங்கோ எண்டு.

நுளம்புக்கு ஒவ்வொரு கட்டிலுக்கும் வலை, யன்னலுக்கு நெற். நுளம்புத்திரி வைக்கேல்ல, அது சந்தோசம், இவருக்கு அந்தப் புகை ஒத்துக்கொள்ளாது. டெங்கு நுளம்பு பகல்லதான் கடிக்கும், அதால மாரியில, ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வாற ஆக்களுக்கு யன்னல் நெற் கட்டாயம் வேணும், பகல்ல வலைக்குள்ளயா இருக்கிறது. பூச்சாடித் தட்டில தண்ணி நிக்குதோ எண்டு பாத்தனான், மணல் போட்டு வைச்சிருக்கிறா.

பாத்ரூம் மூண்டிலயும் வாளியும் கோப்பையும் இருக்கு, கொமட்டுக்குப் பக்கத்தில ஹேண்ட் ஷவர் இருக்கு. சிரிக்காதேங்கோ, பெரிய காசு குடுத்து எடுக்கிற இடங்களிலயே இது இல்லாமல் பேப்பர் ரோல் மட்டும் வைச்சிருக்கினம், எங்கட வயசு போன ஆக்கள் என்ன செய்யிறது. அம்மாவுக்கு நிண்டு குளிக்க ஏலாது, ஒரு பிளாஸ்ரிக் ஸ்ரூல், சுவரில பிடிக்கக் கம்பி, வழுக்காத மற் எல்லாம் ஒரு பாத்ரூமில மட்டும் செய்திருக்கு, அந்த அறையத்தான் அம்மாவுக்குக் குடுத்தம். ஆனா அந்த பாத்ரூம் வாசலில ஒரு படி இருக்கு, அரைச் சாண் உயரம், இரவில தட்டுப்படும். அதைச் சரிக்கட்டிச் சரிவா விடோணும், குறைஞ்சது மஞ்சள் பட்டி ஒட்டி ஒரு சின்ன நைற் லைற் போடோணும். சுடுதண்ணி ஹீட்டர் ஒரு பாத்ரூமில மட்டும், யாழ்ப்பாண வெக்கைக்கு அது காணும், மார்கழி விடியக்காலமை மட்டும்தான் எல்லாருக்கும் வேணும். துவாய் ஆளுக்கு ரெண்டு, வெள்ளைத் துவாய் இல்ல, கடும் நிறம், அது நல்ல யோசினை, குங்குமமும் மஞ்சளும் வெள்ளையில பட்டாப் போகாது.

திருவிழாவுக்கு வாற ஆக்களுக்கெண்டு சில சாமான் தனியா இருக்கு. பின்பக்கம் நீட்டுக் கொடி ரெண்டு, கிளிப் நிறைய, வோஷிங் மெசின், அயர்ன், வேட்டி சேலை தோய்ச்சுக் காயப்போட இதுகள் இல்லாட்டி கஸ்ரம். தேர் அண்டைக்கு விடியப் போகோணும், கோயிலைச் சுத்தி வாகனம் விடமாட்டினம், நடக்கத்தான் வேணும், அதுக்கு ரெண்டு குடையும், செருப்புப் போட்டு எடுத்துக்கொண்டு போற துணிப்பைகளும் வாசலில தொங்குது. ரெண்டு சைக்கிள் இருக்கு, காத்து அடிச்சு எண்ணெய் போட்டு, பூட்டும் திறப்பும் சேத்து. இவர் சைக்கிளிலதான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போய் மரக்கறி வாங்கி வந்தவர். சாமி அறை எண்டு தனியா இல்ல, ஒரு சின்ன மாடமும் குத்துவிளக்கும் திரியும் இருக்கு, அம்மாவுக்கு அது போதும், வேற சமயத்து ஆக்கள் வந்தா அதைத் துணி போட்டு மூடி விடுவாவாம்.

மேசையில ஒரு கொப்பி. 119 பொலிஸ், 1990 அம்புலன்ஸ், அது இலவசம், வடக்கில 2018 இல இருந்து ஓடுது எண்டு வெளிநாட்டு ஆக்களுக்குத் தெரியாது. போதனா வைத்தியசாலைக்கு எப்பிடிப் போறது, இரவில திறக்கிற பாமசி எது, நம்பிக்கையான ஓட்டோக்கார அண்ணையின்ர நம்பர், தீவுகளுக்குப் போட் எடுக்கிற குறிகட்டுவானுக்கு பஸ் எங்க எடுக்கிறது, நெடுந்தீவு போறதெண்டா விடிய வெளிக்கிடோணும், கீரிமலையில குளிக்க மாத்துடுப்பு கொண்டு போங்கோ, எல்லாம் கையால எழுதினது. போட் நேரம் மட்டும் பழசு, நாங்கள் போய்க் காத்துக்கொண்டு நிண்டனாங்கள், அதைப் பென்சிலால எழுதி மாதம் ஒருக்கா அழிச்சு எழுதினா நல்லம்.

குறையள் இன்னும் இருக்கு. பாத்ரூமுக்குள்ள மூடியோட குப்பை வாளி இல்ல, பொம்பிளையளுக்கு அது கட்டாயம் வேணும், ஆரும் வெக்கத்தில கேக்கமாட்டினம், நான் கேட்டு அடுத்த நாள் வைச்சவ. முதலுதவிப் பெட்டியில பிளாஸ்ரரைத் தவிர ஒண்டுமில்லை. முழு உயரக் கண்ணாடி வீட்டில ஒண்டுதான், சேலை உடுக்கிற வீட்டில மூண்டு பேர் ஒரு கண்ணாடிக்கு முன்னால நிக்க ஏலுமே. வெளி பாத்ரூமுக்குப் போற பாதை இருட்டு. குழந்தைக் கட்டில் கேட்டா வாடகைக்கு எடுத்துத் தருவா, ஆனா முன்னுக்கே சொல்லோணும்.

வெளிக்கிட முதல் நாள் பின்னேரம் அன்ரி விறாந்தையில வந்திருந்து கேட்டவ, பிள்ளை, மகன் லண்டனில இருந்து கொஞ்சக் காசு அனுப்புறான், பாத்ரப் ஒண்டும் பெரிய ஸ்மார்ட் ரீவியும் போடுங்கோ, இல்லாட்டி மற்ற ரெண்டு அறைக்கும் ஏசி போடுங்கோ, படத்தில வடிவா இருக்கும், விலையும் கூட்டலாம் எண்டு சொல்லுறான், நீ என்ன சொல்லுறாய் எண்டு. நான் நினைச்சதைத்தான் சொன்னனான். பாத்ரப் வேண்டாம் அன்ரி, ஒருக்கா நிரப்ப நூற்றம்பது லீற்றருக்கு மேல போகும், ஆவணியில கிணறு வத்துற நேரத்தில அவ்வளவு தண்ணியையும் ஊத்தி விடுறதா, அதோட இந்தச் சுண்ணாம்புத் தண்ணிக்கு ரெண்டு மாசத்தில அதைச் சுத்தி வெள்ளைக் கோடு விழும், உங்களாலயும் தேய்க்க ஏலாது. வயசு போனவை உள்ளுக்கு ஏறி இறங்கி விழுந்தா அதைவிடப் பாவம். ரீவிக்கு இப்ப இருக்கிறதே காணும், பிள்ளையள் எல்லாம் ஃபோனிலதான். ஏசி இன்னொரு அறைக்குப் போடலாம், ஆனா கரண்ட் குறைய எடுக்கிற இன்வேட்டர் ஏசியாப் பாத்து, அதுக்கெண்டு தனி மீற்றர் வைச்சு, பாவிச்ச யூனிற்றுக்குக் காசு எடுங்கோ, இரவு முழுக்க ஓடினா ஆறேழு யூனிற் போகும், எங்கட பில் யூனிற் கூடக் கூட விலையும் கூடுற பில், நீங்கள் அதைப் பயந்து பயந்து ரிமோட்டை ஒளிச்சு வைக்கிற நிலைமை வரக்கூடாது. மூண்டாம் அறை வடக்குப் பக்கம், மரநிழல், ஃபான் காணும். மிச்சக் காசுக்கு ஃபானும் லைற்றும் பிரிட்ஜும் ஓடுற அளவுக்கு ஒரு இன்வேட்டரும் பற்றரியும் போடுங்கோ, படியைச் சரிவாக்குங்கோ, ரெண்டு கண்ணாடி வாங்குங்கோ.

அவ எல்லாத்தையும் கொப்பியில எழுதினவ. பிறகு கேட்டா, வெள்ளைக்காரர் வந்தா நீத்துப்பெட்டி எதுக்கு எண்டு. நான் சொன்னனான், அவைக்கு ஒரு நாள் நீங்களே நிண்டு புட்டு அவிச்சுக் காட்டுங்கோ, அவையும் ஆசையாப் பாப்பினம், ரோஸ்ரர் வேணுமெண்டா அதையும் ஒரு தட்டில வையுங்கோ. ஆர் கூடுதலா வருகினமோ அவைக்குத்தான் முதல். இப்ப பலாலிக்குச் சென்னையில இருந்து பிளேனும் வருது, காங்கேசன்துறைக்கு நாகபட்டினத்துக் கப்பலும் வருது, தமிழ்நாட்டு ஆக்கள் கூடுதலா வரத் தொடங்கினா அவேன்ர தேவையும் கேட்டுப் பாக்கோணும், ஃபில்டர் கோப்பி போடுற டபரா ஒண்டு வாங்கி வைச்சாலே சந்தோசப்படுவினம்.

விலையைப் பற்றி, டவுனில நல்ல ஹோட்டலில ரெண்டு ரூம் எடுக்கிற காசுக்குக் கிட்டத்தட்ட இந்த முழு வீடும் வரும். திருவிழா மாசத்தில கொஞ்சம் கூட எடுக்கிறா, ஆனா முதல் சொன்ன விலைதான் கடைசியிலயும், துப்பரவாக்கிற காசு எண்டு தனியா ஒண்டும் கேக்கேல்ல. சுற்றுலா அதிகார சபையில பதிஞ்ச வீடு, சேர்டிபிக்கற் விறாந்தையில மாட்டியிருக்கு, வெளிநாட்டு பாஸ்போட் உள்ள ஆக்கள் வந்தவுடன அதின்ர போட்டோக்கொப்பி ஒண்டு குடுக்கோணும். நல்லூருக்கு வாறதெண்டா சித்திரை வைகாசியிலயே கதைச்சு வையுங்கோ, ஆடிக்குப் பிறகு கேட்டாக் கிடையாது. வான் உள்ளுக்கு விடலாம், பெரிய பஸ் ஒழுங்கைக்குள்ள வராது. பின்வளவில ஒரு நாய் நிக்குது, கடியாது, ஆனா குலைக்கும், சின்னப் பிள்ளையளோட வாற ஆக்கள் முன்னுக்கே சொன்னா அன்ரி தங்கட வீட்டில கொண்டு போய்க் கட்டிவிடுவா.